ஏரிச் சுண்ணாம்பில் பழைய வெப்பநிலையைப் படிப்பது எப்படி?

தெர்மாமீட்டர் வைத்து அளந்து எழுதிய வெப்பநிலைத் தொடர்களில் மிக நீளமானது மத்திய இங்கிலாந்தினுடையது. அது 1659-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு இப்படித் தொடர்ச்சியான பதிவு எங்கும் கிடையாது. ஆனாலும் புவியியலாளர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குளத்து நீர் இத்தனை டிகிரி இருந்தது என்று எண்ணோடு சொல்கிறார்கள். அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கடலின் பழைய வெப்பநிலையைத் தேடுபவர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காக, அதிகம் கலையாமல் கிடக்கின்றன. நிலத்தில் அப்படி இல்லை. மழையும் ஆறும் பழைய அடுக்குகளை அரித்துக்கொண்டு போய்விடுகின்றன. அதில் தப்பிப் பிழைப்பவற்றில் மதிப்புள்ளவை ஏரிகளும் குளங்களும் ஊற்றுகளும் விட்டுச்சென்ற கால்சியம் கார்பனேட் படிவுகள். ஏரியடியில் வெளிறிக் கிடக்கும் சுண்ணச்சேறு, ஊற்றோரம் பாசிமேல் கட்டிய பாறை, நன்னீர் நத்தையின் ஓடு, கிளிஞ்சல், ஆஸ்ட்ரகோடு என்னும் கடுகளவு உயிரியின் ஓடு எல்லாமே ஒரே பொருள்தான்.

இது நீரில் எப்படி உண்டாகிறது? மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசாக அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சுமந்தபடி ஏரிக்கு வந்து சேர்கிறது. அங்கே நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் போதும், கரைந்தது மறுபடி திடமாகிவிடும். வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் பாசிகள் செய்கின்றன. ஒளிச்சேர்க்கைக்காக அவை வாயுவை உறிஞ்ச உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறி, கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகத்தின் நுண்துகள்கள் பிறக்கின்றன. கோடையில் சில ஏரிகள் திடீரென்று பால் கலந்தாற்போல் வெளுப்பது இதனால்தான். காரா என்ற நீர்ப்பாசியின் தண்டைத் தொட்டால் மணல் ஒட்டியதுபோல் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பும் இதே கார்பனேட்தான்.

வெப்பநிலை அறியும் வேலையில் கார்பனேட்டுக்குள் இருக்கும் ஆக்ஸிஜன்தான் முதல் சாட்சி. இயற்கையில் ஆக்ஸிஜன் மூன்று எடைகளில் இருக்கிறது; இப்படி எடை மட்டும் வேறுபடும் வகைகளை ஐசோடோப்புகள் என்பார்கள். 99.76 சதவீதம் ஆக்ஸிஜன்-16, ஏறத்தாழ 0.2 சதவீதம் ஆக்ஸிஜன்-18. மிச்சம் துளியூண்டு ஆக்ஸிஜன்-17. வேதியியலில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் நமக்கு வேலை. நீரிலிருந்து கார்பனேட் படியும்போது, கனமான ஆக்ஸிஜன்-18 நீரில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகத் திடப்பொருளில் சேர்கிறது. எவ்வளவு அதிகம் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. குளிர்ந்த நீர் என்றால் கூடுதல் அதிகம், வெதுவெதுப்பான நீர் என்றால் குறைவு.

இதை ஒரு வெப்பமானியாக்கலாம் என்று 1940-களில் கண்டவர் ஹெரால்டு யூரி. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக 1934-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவரும் சாம் எப்ஸ்டைன் உள்ளிட்ட குழுவினரும், தெரிந்த வெப்பநிலையில் வளர்ந்த ஓடுகளை அளந்து 1953-இல் ஒரு வாய்பாட்டைத் தந்தார்கள். அதற்குள்ளாகவே ஜுராசிக் காலத்துப் பெலெம்னைட் ஒன்றின் கூட்டை வளையம் வளையமாகச் சுரண்டிப் பார்த்திருந்தார்கள். கணவாய்க்கு உறவான அந்த உயிர், இளமைப் பருவத்துக்குப் பின் மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டு செத்தது என்று அதிலிருந்து தெரிந்தது. இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும் கணக்கு இது.

அளவைச் சொல்லும் முறை எளிது. மாதிரியில் ஆக்ஸிஜன்-18-இன் விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைய இருக்கிறது என்பதை டெல்டா எண் என்பார்கள். நீருக்குத் தரம் கடல்நீர். கார்பனேட்டுக்குத் தரம் தென் கரோலினாவின் பீடீ பாறைத்தொகுதியில் கிடைத்த ஒரு பெலெம்னைட். அந்தப் பொடி எப்போதோ தீர்ந்துவிட்டது. இன்று வேறு பொருள்களை வைத்து அதே அளவுகோலைக் காப்பாற்றி வருகிறார்கள். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கார்பனேட்டின் டெல்டா எண் சுமார் 0.2 குறையும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே போகலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கார்பனேட்டின் டெல்டா எண் வெப்பநிலையை மட்டும் சார்ந்ததில்லை, அது எந்த நீரில் படிந்ததோ அந்த நீரின் டெல்டா எண்ணையும் சார்ந்தது. கையில் இருப்பது ஒரு எண், தெரியாதவை இரண்டு.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த கால்சைட்டின் டெல்டா எண் −7 என்று வைத்துக்கொள்வோம். ஏரி நீரின் எண் −7 ஆக இருந்திருந்தால், இன்று பரவலாகப் பயன்படும் சமன்பாட்டின்படி வெப்பநிலை சுமார் 14 டிகிரி செல்சியஸ். நீர் −5 ஆக இருந்திருந்தால் 23 டிகிரி. −9 என்றால் வெறும் 5 டிகிரி. துகள் ஒன்று, அளவீடு ஒன்று, ஆனால் பதில் கடும் குளிரிலிருந்து நல்ல கோடை வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கிறது.

கடலில் இதைச் சமாளித்துவிடலாம். கடல்நீரின் எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பனியுகத்தின் உச்சத்தில் கண்டங்களின் மேல் அவ்வளவு பனி குவிந்தபோதும் அது சுமார் 1 மட்டுமே மாறியது. நன்னீருக்கு அப்படி ஒரு நங்கூரம் கிடையாது. வெப்பமண்டல மழையின் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அண்டார்க்டிகாவின் உட்பகுதிப் பனியில் −50-க்கும் கீழே போய்விடும். ஒரே இடத்தில் கோடை மழைக்கும் குளிர்கால மழைக்கும் வித்தியாசம் உண்டு. வடிகால் இல்லாத ஏரியில் நீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு போக, மிஞ்சும் நீர் கனத்துக்கொண்டே வரும்.

இன்னும் ஒரு கூத்து இருக்கிறது. டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டு 1964-இல் காட்டியபடி, நடு, உயர் அட்சரேகைப் பகுதிகளில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடுதலாக உள்ள இடத்தில் மழையின் டெல்டா எண் சுமார் 0.7 கூடுதலாக இருக்கும். கார்பனேட்டோ அதே ஒரு டிகிரிக்கு 0.2 குறைகிறது. இரண்டையும் கூட்டினால் நிகர விளைவு ஏற்றம்தான். அதாவது கடல் ஓட்டில் வெப்பம் ஏறினால் எண் இறங்கும். அதே வெப்பம் நடு அட்சரேகை ஏரியின் கார்பனேட்டில் எண்ணை ஏற்றிவிடும். பருவமழை நாடுகளில் இதுவும் பொருந்தாது. அங்கே மழை எவ்வளவு கொட்டியது என்பதுதான் மழைநீரின் எண்ணைப் பெரும்பாலும் ஆட்டிவைக்கிறது. ஆகவே ஆக்ஸிஜன் வளைகோடு ஒன்றை மட்டும் காட்டி ‘ஏரி வெப்பமடைந்தது’ என்று யாராவது சொன்னால், நீரின் எண் எப்படித் தெரிந்தது என்று கேட்காமல் விடக்கூடாது.

இந்த முடிச்சை அழகாக அவிழ்த்த ஓர் உதாரணம் ஜெர்மனியின் அம்மர்சே ஏரி. ஆழமான ஏரி. அடிநீர் ஆண்டு முழுவதும் 4 டிகிரியை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் நீர் மிகவும் அடர்த்தியாக இருப்பது அந்த வெப்பநிலையில்தான். அந்த அடியில் வாழ்ந்த ஆஸ்ட்ரகோடுகளின் ஓடுகளை ஆய்வாளர்கள் அடுக்கடுக்காக அளந்தார்கள். வெப்பநிலை மாறாததால், ஓட்டில் தெரியும் ஏற்ற இறக்கமெல்லாம் நீரின் ஏற்ற இறக்கம். நீரின் எண் மழையிலிருந்தும் மழையின் எண் காற்றின் வெப்பநிலையிலிருந்தும் வருவதால், சுமார் 15,500 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்வரையிலான மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்தை 1990-களின் இறுதியில் வரிசையாக எழுத முடிந்தது. சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் வந்துபோன ஒரு திடீர்க் குளிர்கூட அதில் பதிவாகியிருக்கிறது. வெப்பமானியாகப் பயன்பட வேண்டிய ஓட்டின் வெப்பநிலையைக் கட்டிப்போட்டு, மழைநீரின் எண்ணைச் சொல்லும் மானியாக மாற்றிவிட்டார்கள். ஆனால் எல்லா ஏரிக்கும் இப்படி ஒரு குளிர்ந்த அடித்தளம் வாய்ப்பதில்லை. ஆழமற்ற குளத்தின் நத்தையை என்ன செய்வது?

அதற்கு விடை 2000-களில் வந்தது. நீரின் எண்ணைத் தேடி அலைவதற்குப் பதிலாக, அதைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடும் வழி அது. கொத்து ஐசோடோப்பு முறை என்று சொல்லலாம். சீட்டுக்கட்டை வைத்துப் புரிந்துகொள்வோம். கட்டில் எத்தனை ராஜாக்கள் இருக்கின்றன என்பது ஒரு கேள்வி; கலைத்து அடுக்கியபின் ராஜா எத்தனை முறை ராணிக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. பழைய முறை முதல் கேள்வியைக் கேட்கிறது: கார்பனேட்டில் ஆக்ஸிஜன்-18 எவ்வளவு? புதிய முறை இரண்டாவதைக் கேட்கிறது: அந்த ஆக்ஸிஜன்-18 எத்தனை முறை கார்பன்-13-ஓடு பிணைந்திருக்கிறது?

கார்பன்-13-உம் அரிதுதான். மொத்தக் கார்பனில் நூற்றுக்கு ஒன்று போல இருக்கும். அரிதான இரண்டும் ஒரே கார்பனேட் அயனியில் சேர்வது தற்செயல் மட்டும் என்றால், பெருக்கல் கணக்கிலேயே விடை வந்துவிடும். உண்மையில் அதைவிடச் சற்று அதிகமாகச் சேர்கின்றன. இரண்டு கனமான அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு மெதுவாக அதிர்வதால் அதன் ஆற்றல் கொஞ்சம் குறைவு. ஆற்றல் குறைந்த ஏற்பாட்டின் பக்கம் தராசு லேசாகச் சாயும். குளிரில் இந்தச் சாய்வு தெளிவாகத் தெரியும். சூடு ஏற ஏற அணுக்களின் ஆட்டத்தில் அது மங்கி, கணக்கு தற்செயலை நெருங்கிவிடும். முக்கியமான செய்தி: இந்தப் பங்கீடு முழுக்கத் திடப்பொருளுக்குள்ளேயே நடக்கிறது. மொத்தத்தில் ஆக்ஸிஜன்-18 எவ்வளவு இருக்கிறதோ, அது எந்த மழையிலிருந்து வந்ததோ, அந்த விவரம் தேவையில்லை. இருக்கிற சீட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மட்டும் போதும்.

கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் ஐலரின் ஆய்வகத்தில் இந்த முறை உருவானது. முதலில் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடை அளந்தார்கள். கார்பனேட்டுகளுக்கான வெப்பமானியாக இதை நிறுவிய 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பிரசென்ஜித் கோஷ்.

அளப்பது எப்படி என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நத்தை ஓட்டைக் கழுவி, ஒட்டிய மண்ணையும் மேல்தோலையும் நீக்கி, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னத் துளையூசியால் மெதுவாகப் பொடியாக்குகிறார்கள். வேகமாகச் சுழற்றினால் உராய்வின் சூட்டிலேயே மாதிரி கெடலாம். சில மில்லிகிராம் பொடியை வெற்றிடத்தில் அடர்ந்த ஃபாஸ்பாரிக் அமிலத்தோடு சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வருகிறது. அந்த வாயுவிலிருந்து ஈரத்தையும் கரிமக் கசடுகளையும் பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானிக்கு அனுப்புகிறார்கள். சாதாரண மூலக்கூறின் நிறை 44. கார்பன்-13-உம் ஆக்ஸிஜன்-18-உம் சேர்ந்திருந்தால் 47. பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 45 மட்டும் இந்த வகை.

தேடுவது அந்த 45-ஐக்கூட இல்லை. தற்செயல் கணக்கைவிட அது எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் தேடுகிறார்கள். 25 டிகிரியில் உருவான கார்பனேட்டில் இந்தக் கூடுதல் ஆயிரத்துக்கு சுமார் 0.59, 0 டிகிரியில் சுமார் 0.68. ஆகவே ஒரு டிகிரி வித்தியாசத்தைப் பிடிக்க, ஆயிரத்துக்கு 0.003 என்ற அளவில் வேறுபாட்டைக் காண வேண்டும். ஒரே ஒருமுறை அளந்தால் பிழை இதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுக்கிறார்கள். இந்த முறை தரும் வெப்பநிலையில் கூட்டல் கழித்தல் 2, 3 டிகிரி ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான். சில மில்லிகிராமுக்கும் குறைவான ஓடு மட்டும் கிடைத்தால் இந்த முறையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆரம்ப காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென ஒரு வாய்பாடு வைத்திருந்தது, ஒரே ஓட்டுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பதில் வந்தது. பொதுவான கார்பனேட் தரங்களைப் பல ஆய்வகங்களும் சேர்ந்து அளந்து, 2021-இல் ஒரே அளவுகோலுக்கு வந்தார்கள். அதற்கு முந்தைய கட்டுரையின் எண்ணையும் பிந்தைய கட்டுரையின் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஆபத்து.

சரி, வெப்பநிலை கிடைத்துவிட்டது. எதனுடைய வெப்பநிலை? என்னைக் கேட்டால், கருவியின் நுட்பத்தைவிடக் கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான். ஓடு சொல்வது, அது வளர்ந்த நாள்களில் அது இருந்த இடத்து நீரின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலையோ ஆண்டுச் சராசரியோ அதில் நேராக எழுதப்பட்டிருக்கவில்லை. நடு அட்சரேகைகளில் ஏரிக் கால்சைட் பெரும்பகுதி வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் படிகிறது. பாசி தழைப்பதும் அப்போதுதான், வெதுவெதுப்பில் கால்சைட்டின் கரைதிறன் குறைவதும் அப்போதுதான். நத்தையும் குளிரில் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். ஆழமற்ற கரையோர நீர் வெயிலில் காற்றைவிடச் சூடாகலாம். பனி உருகி வரும் நீர் நிறைந்த ஏரி காற்றைவிடக் குளிர்ந்திருக்கலாம்.

இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த விவிபாரஸ் நத்தைகள் இதற்கு நல்ல பாடம். சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டார்க்டிகாவில் பெரும் பனிப்பாளம் கட்டத் தொடங்கிய சமயத்தில் நிலம் எவ்வளவு குளிர்ந்தது என்று பார்க்க, அந்த நன்னீர் நத்தைகளின் ஓடுகளைக் கொத்து முறையில் அளந்தார்கள். 2013-இல் வெளியான முடிவின்படி, நத்தை வளரும் பருவத்து நீரின் வெப்பநிலை சுமார் 10 டிகிரி சரிந்திருக்கிறது. ஆனால் அதை ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலைக்கு மாற்றினால் சரிவு 4 முதல் 6 டிகிரிதான். இரண்டு எண்ணும் ஒரே ஓட்டிலிருந்து வந்தவை, இரண்டுமே சரியானவை. முதலாவது அளந்தது. இரண்டாவது, இன்றைய ஏரிகளில் நீருக்கும் காற்றுக்கும் உள்ள உறவை வைத்து மாற்றியது. செய்தித் தலைப்புகளில் இரண்டும் எளிதில் குழம்பிப்போகும்.

மாதிரியே ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஏரியைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறை இருந்தால், ஆறு அடித்துக்கொண்டு வந்த பழைய கடல் பாறையின் தூளும் ஏரிச் சேற்றில் கலந்திருக்கும். அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கலந்து அளந்தால் எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாத ஒரு வெப்பநிலை வரும். நத்தை ஓட்டில் இந்தப் பயம் குறைவு, ஏனென்றால் ஓட்டைக் கண்ணால் பார்த்து எடுக்கிறோம். தவிர, பெரும்பாலான நன்னீர் நத்தைகளின் ஓடு அரகோனைட் என்ற படிக வடிவில் இருக்கும். மண்ணுக்குள் நீர் புகுந்து ஓட்டைக் கரைத்து மறுபடி படியவைத்திருந்தால் அது கால்சைட்டாக மாறியிருக்கும். எக்ஸ்-கதிர் சோதனையில் இன்னும் அரகோனைட் என்று தெரிந்தால் ஓரளவு நிம்மதி. ஆழப் புதைந்து நூறு டிகிரிக்கு மேல் லட்சக்கணக்கான ஆண்டுகள் வெந்த படிவு என்றால், கரையாமலேயே உள்ளே அணுக்கள் இடம் மாறி, பழைய அடுக்கு அழிந்துவிடும்.

ஊற்றோரப் பாறைகளில் சிக்கல் வேறு மாதிரி. நீர் பாறைமேல் சிதறி ஓடும்போது கார்பன் டை ஆக்சைடு சட்டென்று பறந்துவிடுகிறது. கரைந்திருக்கும் பைகார்பனேட் நீரோடு ஆக்ஸிஜனைப் பரிமாறிச் சமநிலைக்கு வர நேரம் பிடிக்கும், காரத்தன்மை கூடிய நீரில் இன்னும் அதிக நேரம் பிடிக்கும். அதற்குள் கார்பனேட் படிந்துவிட்டால், அதில் பதிந்திருப்பது வெப்பநிலையும் அவசரமும் சேர்ந்த கலவை. அதனால்தான் ஒரு வகைப் படிவை நம்புவதற்கு முன், இன்று அதே மாதிரி படிந்துகொண்டிருக்கும் இடத்தில் தெர்மாமீட்டரை நட்டு, நீரையும் படிவையும் மாதம் தவறாமல் அளந்து பார்க்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு வெப்பநிலையைத் தனியாகப் பிடித்ததற்கு ஓர் உபரி லாபம் உண்டு. முன்பு போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். கால்சைட் −7. கொத்து முறை 14 டிகிரி என்று சொல்லிவிட்டால், நீர் −7 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். தெரியாத இரண்டில் ஒன்று தீர்ந்ததும் மற்றது தானாக வந்துவிடுகிறது. அந்த நீர் எண்ணை வைத்து மழை எங்கிருந்து வந்தது, ஏரி எவ்வளவு வற்றியது என்று மேலே போகலாம். மலையேறும் மேகம் கனமான நீரை முதலில் கொட்டிவிடுவதால், அந்த ஏரி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்றுகூடக் கணிக்கலாம். திபெத்தியப் பீடபூமி எப்போது உயர்ந்தது என்ற நெடுநாள் விவாதத்தில் ஏரிக் கார்பனேட்டுகளுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

உயரக் கணக்கைக் கெடுப்பது ஆவியாதல். வற்றிக் கனத்த நீரைப் பார்த்து, தாழ்வான இடத்து மழை என்று தவறாக முடிவுகட்டிவிடலாம். அங்கே இதுவரை நாம் ஒதுக்கி வைத்திருந்த ஆக்ஸிஜன்-17 கைகொடுக்கிறது. ஆவியாகும்போது ஆக்ஸிஜன்-17-க்கும் 18-க்கும் இடையே இருக்கும் உறவு, மழை உருவாகும்போது இருக்கும் உறவிலிருந்து நூலிழை விலகுகிறது. அந்த விலகலை ஏரிக் கார்பனேட்டிலேயே அளந்து, வற்றுவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடும் வேலை கடந்த சில ஆண்டுகளாகச் சூடுபிடித்திருக்கிறது.